தண்ணீர் நிற்கும் நேரம்

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறது, மேடம். நேற்று என்னை அழைத்து வந்தபோதே கவனித்தேன். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. அப்புறம் உங்கள் எழுத்தர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். முதல் வரியிலேயே என் பெயரை ஏகாம்பரம் என்று எழுதினார். ஏகநாதன். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டேன். கோடு போட்ட தாளாகப் பார்த்துக் கொடுத்தீர்கள், நன்றி.

வயது நாற்பத்தெட்டு. இரும்புலியூரில் சொந்த ஃப்ளாட், தனியாகத்தான் இருக்கிறேன். ஊரப்பாக்கம் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபது வருஷமாகப் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். சொல்லித்தருகிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஐம்பத்தெட்டு பேர் மேஜைக்கு அடியில் போன் பார்ப்பார்கள், மீதி இரண்டு பேர் தூங்குவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. புரிந்துகொள்ள முடியாதவர்களிடம் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது.

உங்கள் எஸ்.ஐ. தீனா நேற்று என் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆர்னா எந்த ஆர் சார்? ஃபுல் ஃபார்ம் சொல்லுங்க” என்று கேட்டார். ஃபுல் ஃபார்ம் கிடையாது. அந்த மென்பொருளின் பெயரே ஆர். புள்ளியியல்காரர்கள் கணக்குப் போடுவதற்காகச் செய்தது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். நிலா இழுக்கிறது, சூரியன் இழுக்கிறது, அவை கிட்டே வரும்போதும் தள்ளிப் போகும்போதும் இழுப்பு மாறுகிறது. இப்படி முப்பத்தேழு இழுப்புகளை நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் மணிக்கு மணி பதிவான கடல்மட்டத்தை ஒரு வருஷத்துக்கு உள்ளே கொடுத்தால், ஆர் அந்த முப்பத்தேழையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். திரும்பக் கூட்டினால், அடுத்த தீபாவளியன்று காலை கடல் எத்தனை மணிக்கு ஏறி முடிக்கும் என்று இன்றைக்கே சொல்லலாம். ஜோசியம் இல்லை. ஜோசியமாக இருந்திருந்தால் இந்த ஊரில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

இனி அந்தக் குழுவைப் பற்றி. தாம்பரம் கடல் நீச்சல் குழு, மொத்தம் இருபத்தைந்து பேர். தாம்பரத்தில் கடல் இல்லை என்பதை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் கார் ஓட்டிப் போய், ஈசிஆர் ஓரத்தில் உப்பங்கழி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துவார்கள். நன்றாக நீந்துகிறவருக்கு எட்டு நிமிஷம், மெதுவாக நீந்துகிறவருக்குப் பன்னிரண்டு. அப்புறம் பாலத்தின் மேல் ஈரத் துணியோடு நடந்து திரும்பி, வடை சாப்பிட்டு, போட்டோ போடுவார்கள். வீர சாகசம் முடிந்தது.

என்னை அதில் சேர்த்தவர் சம்பத். எங்கள் ஃப்ளாட்டைக் கட்டினவர். முடிச்சூர்ப் பக்கம் தாத்தா விட்டுப்போன நஞ்சையை மனை போட்டு விற்ற குடும்பம். அவருக்குத் தண்ணீர் என்றால் போர்வெல். லிஃப்டில் பார்த்து, “சார், நீங்க கம்ப்யூட்டர்ல கடல் கணக்கெல்லாம் போடுவீங்களாமே, எங்க குரூப்புக்கு டைம் போட்டுக் குடுங்களேன்” என்றார். முகத்துவாரத்தில் எந்நேரமும் தண்ணீர் உள்ளே ஓடும், இல்லாவிட்டால் வெளியே ஓடும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கிற அந்த நேரத்தில்தான் மனுஷன் கடக்க முடியும். வெளியே ஓடும்போது இறங்கினால் அது கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். நிற்கும் நேரம் ஒவ்வொரு ஞாயிறும் மாறும். அதற்குத்தான் நான்.

அதுவரை அவர்களுக்கு நேரம் பார்த்துச் சொன்னவர் ஆபேல், அவர்களுடைய கோச். ஒரு நீச்சல் குளத்தில் வேலை, கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அவருடைய அறிவியல் முறை என்னவென்றால், பையில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டை வைத்திருப்பார். கரையில் நின்று அதைத் தண்ணீரில் எறிவார். எல்லாரும் மட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மட்டை நகராமல் நின்றால் “எறங்கு” என்பார். படித்தவர்கள், பேங்க் மேனேஜர், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், இருபத்தைந்து பேரும் ஒரு மட்டையின் உத்தரவுக்குக் காத்திருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் முதன்முதலில் சொன்ன நேரம் எட்டு பத்து. கடல் ஏறி முடிக்கும் நேரம் அது, அதில் ஒரு நிமிஷம்கூடப் பிசகு இல்லை. எட்டு பத்துக்கு ஆபேல் மட்டையை எறிந்தார். அது நேராகப் பாலத்தைப் பார்த்து உள்ளே ஓடியது.

“சார், உங்க டைமுக்கு தண்ணி நிக்கல சார். ஓடிக்கினு கீது” என்றார் சிரித்துக்கொண்டே. “கடல்ல ஏத்தம் முடிஞ்சாலும், உள்ள ரொம்பற வரைக்கும் தண்ணி போய்க்கினுதான் இருக்கும். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பாவம்.”

எல்லாரும் சிரித்தார்கள். சம்பத் தொடையில் தட்டிச் சிரித்தார். கிருபா என்று ஒரு டீச்சர், அவரும் இரும்புலியூர்தான், அவர் மட்டும் சிரிக்கவில்லை. “மொத தடவைதானே, சார் சரி பண்ணிடுவாரு” என்றார். நாங்கள் ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்து, மட்டை நிற்பதற்காகக் காத்திருந்தோம்.

இதனால் எனக்கு ஆபேல்மேல் கோபம் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கோபம் இல்லை, மேடம். தேங்காய் மட்டைமேல் யாராவது கோபப்படுவார்களா.

ஆறு வாரம் உட்கார்ந்து மாடலைத் திருத்தினேன். உப்பங்கழி நிரம்ப எடுக்கும் நேரத்தைச் சேர்த்தேன். அதன்பின் நான் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் நின்றது. ஆபேல் மட்டையை எறிவார், அது அப்படியே கிடக்கும், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி “சூப்பர் சார்” என்பார். அவர் பாராட்டு எனக்கு எதற்கு. ஆனாலும் குழுவில் ஒரு மாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமையானால் வாட்ஸாப்பில் என் அறிக்கையைக் கேட்க ஆரம்பித்தார்கள். வளைகோடு போட்ட படம் ஒன்று சேர்த்து அனுப்புவேன். அந்தப் படத்தில் எது நேரம், எது உயரம் என்று ஒருவருக்கும் தெரியாது. கைதட்டுகிற பொம்மை மட்டும் அனுப்புவார்கள்.

பிரச்சினை அறிக்கையின் கடைசி வரியில் வந்தது. தண்ணீர் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதையும் நான் போட்டேன்: நாற்பத்தைந்து. சூத்திரப்படி வந்த எண். அன்று மாலையே ஆபேல் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். தீனாவிடம் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். “சார், நாப்பத்தஞ்சு இல்ல சார், இருவதுதான். எந்த நாளா இருந்தாலும் இருவது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நம்பக் கூடாது. தயவுசெஞ்சு அந்த லைன எடுத்துடுங்க, யாராவது நம்பிடப் போறாங்க.”

இருபது என்று எப்படித் தெரியும் என்று தனியாகக் கேட்டேன். “தெரியும் சார்” என்றார். எப்படி என்றேன். “நின்னு பாத்திருக்கேன் சார்” என்றார். எத்தனை தடவை, எந்தத் தேதிகளில், எழுதி வைத்திருக்கிறீர்களா என்றேன். சிரித்தார். இப்படிப்பட்ட ஆள்களோடு விவாதம் செய்யக் கூடாது. தரவு வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. நீந்தும்போது அது அவர்கள் போன பாதையைப் பதிவு செய்யும். ஒருவர் எதிர்க்கரையை நேராகப் பார்த்து நீந்துகிறார், ஆனால் பாதை பக்கவாட்டில் வளைகிறது என்றால், வளைத்தது தண்ணீர். அந்த வளைவிலிருந்து நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். பத்துப் பன்னிரண்டு பேர் வாராவாரம் எனக்காகக் கடலை அளந்துகொண்டிருந்தார்கள், அது அவர்களுக்கே தெரியாது. அறிக்கையை மேம்படுத்த என்று சொல்லிப் பதிவுகளை வாங்கிக்கொண்டேன். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள்.

தரவின் தரம்தான் மட்டம். சம்பத் குடித்தவர் நடப்பதுபோல் நீந்துவார். பேங்க்காரர் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பார். ஒழுங்காக, ஒரே வேகத்தில், எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறிவைத்து நீந்துகிறவர் கிருபா மட்டும்தான். ரொம்ப மெதுவாக நீந்துவார், ஆனால் கைவீச்சு எண்ணி வைத்தாற்போல் இருக்கும். அவரிடம் வாட்ச் இல்லை. நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆசிரியர் தினம் என்று ஒரு காரணம் சொன்னேன். குழுவில் எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். கிருபாவின் கணவர் ஜாய்சன் வீட்டுக்கு வந்து கேக் கொடுத்துவிட்டுப் போனார்.

தரவு வந்தது, ஆனால் எல்லாம் முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். தண்ணீர் நின்றதும் இறங்கிக் கரையேறிவிடுவார்கள். நிற்கிறது இருபது நிமிஷமா நாற்பத்தைந்தா என்று சொல்ல வேண்டுமானால், இருபதுக்கு அப்புறம் யாராவது தண்ணீரில் இருக்க வேண்டும். எந்தப் பரிசோதனைக்கும் இது அடிப்படை. முதல் வருஷ மாணவனுக்குக்கூட, அவன் விழித்திருந்தால், இது புரியும்.

அதனால் அறிக்கையில் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். முதல் வாரம் ஐந்து நிமிஷம். அடுத்த வாரம் பத்து. அப்புறம் பதினைந்து. நிற்கும் நேரம் வாராவாரம் மாறுவதால் தள்ளிப் போட்டது யார் கண்ணிலும் படாது. படக் கூடிய ஒரே கண் ஆபேலுடையது. நாலாவது வாரம் இருபது போட்டேன். ஆபேல் மட்டையை எறிந்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லக் கடலைப் பார்த்து நகர்ந்தது.

“இன்னிக்கு வேணாம்” என்றார். “யாரும் எறங்காதீங்க. சார், டைமு லேட்டா கீது சார்.”

மாடலின்படி இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது என்று சொன்னேன். ஆபேல் மட்டையைக் காட்டினார். எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்று வடைகூடச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை குழுவில் ஒரே களேபரம். ஐம்பது கிலோமீட்டர் போய் வந்து பெட்ரோல் வீண், ஞாயிறு வீண். சம்பத்துக்கு வீட்டில் திட்டு. “அண்ணா, சார் சயின்ஸ் சொல்றாரு, நீங்க தேங்கா மட்டை காட்றீங்க. எந்தக் காலத்துல இருக்கோம்?” என்று ஆபேலைக் கேட்டு எழுதினார். கையோடு ஒரு வாக்கெடுப்பும் வைத்தார். மட்டையா, மாடலா. மாடலுக்குப் பத்தொன்பது, மட்டைக்கு நாலு. தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்பதை வாக்குப் போட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்த பத்தொன்பது பேரில் நாலு பேர் எம்.பி.ஏ. கிருபா மாடலுக்குப் போட்டிருந்தார். ஒரு வரியும் சேர்த்திருந்தார்: “சார் மேல நம்பிக்கை இருக்கு.”

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபேல் குழுவிலிருந்து விலகினார். சண்டை போடவில்லை. குழுவுக்கென்று வைத்திருந்த ஆரஞ்சு மிதவையையும் கயிற்றையும் என் ஃப்ளாட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு அவர் அனுப்பிய செய்தியை நீங்கள் போனில் பார்த்தாயிற்று. இருந்தாலும் எழுதுகிறேன். “சார் உங்க கையில உடறேன். மிதவை எப்பவும் கரையில வெளிய இருக்கட்டும். கிருபா டீச்சர் ஸ்லோ. அவங்கள மொதல்ல எறக்குங்க.” பார்த்தேன் என்பதற்கு அடையாளமாகக் கட்டைவிரல் போட்டேன்.

அதன்பின் இரண்டு ஞாயிறு இறங்கினார்கள், நடுவில் ஒரு ஞாயிறு மழையில் போனது. இறங்கிய இரண்டும் அரை நிலா நாள்கள். அந்த நாள்களில் கடலின் ஏற்ற இறக்கமே குறைவு, தண்ணீருக்கு இழுக்கத் தெம்பு இருக்காது. இருபது போட்டேன், இருபத்தைந்து போட்டேன். எல்லாரும் சுகமாகக் கடந்தார்கள். சம்பத் எதிர்க்கரையில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையோடு போட்டோ எடுத்து, ‘ரிட்டயர்டு சயின்டிஸ்ட்’ என்று எழுதிப் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சிரிப்பவர்கள் அதே ஆள்கள்தானே.

ஆனால் அரை நிலா நாளின் தரவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. ஆபேல் கேட்டால் பௌர்ணமிக்குப் பார் என்பார். அதையும் பார்த்துவிட வேண்டியதுதான். அடுத்த ஞாயிறு பௌர்ணமிக்கு மறுநாள்.

நான் ஆரில் எழுதிய நிரலில் இருக்கும் ஒரு வரியைத் தீனா கண்டுபிடித்துவிட்டதாக உங்களிடம் பெருமையாகச் சொன்னார். கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. நான் மறைக்கவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று இருபது வருஷமாக மாணவர்களிடம் கத்துகிறேன், நானே எழுதாமல் இருப்பேனா. ‘தாமதம் 30. கடைசியில் கிருபா.’ அவ்வளவுதான் அந்தக் குறிப்பு.

ஏன் கடைசியில் என்று கேட்டீர்கள். கடைசியில் இறங்குகிறவர்தான் அதிக நேரம் கழித்துத் தண்ணீரில் இருப்பார். அதிலும் மெதுவாக நீந்துகிறவர் இன்னும் அதிக நேரம். அந்த நேரத்துத் தரவுதான் என்னிடம் இல்லாமல் இருந்தது. முதலில் இறக்கினால் என்ன பிரயோஜனம்.

அன்று தண்ணீர் ஒன்பது பத்துக்கு நின்றது. அறிக்கையில் ஒன்பது நாற்பது என்று போட்டு, இறங்கும் வரிசையில் கிருபாவைக் கடைசியில் வைத்திருந்தேன். பதினாலு பேர் வந்திருந்தார்கள். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் இறங்கும் நேரத்தையும் போனில் குறித்துக்கொண்டிருந்தேன். நான் நீந்துவதில்லை. எனக்கு சைனஸ், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

ஒன்பது நாற்பத்தாறுக்குள் பதின்மூன்று பேரும் இறங்கியாயிற்று. முதலில் போனவர்கள் பனைமரத்துக்கு நேராகப் போகாமல் கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கிருபா முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தார்.

“சார், எல்லாரும் ஒரு பக்கமா போற மாதிரி இருக்கே” என்றார். பையிலிருந்து ஒரு தேங்காய் மட்டையை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆபேல் அண்ணா ஞாபகமா எடுத்துட்டு வந்தேன். ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?”

“தேவை இல்லம்மா. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. நேரமாகுது, எறங்குங்க” என்று அவர் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டேன்.

“சரி சார்” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், வாட்சை அழுத்தி ஓட விட்டார், இறங்கினார். ஒன்பது நாற்பத்தேழு. நாற்பத்தைந்து நிமிஷம் முடிய எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. கடக்க அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் அதை அவர் கேட்கவில்லை.

மற்றவர்கள் தட்டுத்தடுமாறி, எதிர்க்கரையின் கடைசி மணல் திட்டில் ஒவ்வொருவராக ஏறினார்கள். சம்பத் நாலு காலில் ஏறி வாந்தி எடுத்தார். கிருபா பாதி தூரம்கூடப் போகவில்லை. பனைமரத்தைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தார், அதாவது கைகள் பனைமரத்தைப் பார்த்து வீசின, உடம்பு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நீந்துவதை நிறுத்திவிட்டு ஒரு கையைத் தூக்கினார். ஆபத்து என்றால் ஒரு கையைத் தூக்க வேண்டும் என்று ஆபேல் எல்லாருக்கும் சொல்லித்தந்திருந்தார். என்னைப் பார்த்துத்தான் தூக்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நான் தெரிந்திருப்பேனா என்பது வேறு விஷயம். குடை தெரிந்திருக்கும்.

மிதவை எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டீர்கள். என் கார் டிக்கியில் இருந்தது. கார் இருபதடி தூரத்தில் நின்றது. எனக்கு அது ஞாபகத்தில் இருந்ததா என்றும் கேட்டீர்கள். இருந்தது. மட்டையும் இப்போது அங்கேதான் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நீந்துகிற ஆளின் பாதையில் பாதி அவருடைய முயற்சி, பாதி தண்ணீர். இரண்டையும் பிரிக்கப் படாத பாடு பட வேண்டும். நீந்துவதை நிறுத்திவிட்ட ஆளின் பாதை முழுக்கத் தண்ணீருடையது, அதில் பிரிக்க ஒன்றும் இல்லை. இப்படி ஒரு பதிவு அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. நான் ஐம்பத்திரண்டு என்று போனில் குறித்தேன். ஐம்பத்தைந்துக்கு அலை உடைகிற இடத்தைத் தாண்டினார். அதற்கப்புறம் தலை தெரியவில்லை, நேரத்தைக் குறிக்கவும் வழியில்லை. எதிர்க்கரையில் இருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தி என்ன பயன்.

மீனவர்கள் சாயங்காலம் இரண்டு கிலோமீட்டர் தெற்கே கண்டெடுத்தார்கள். வாட்ச் கையிலேயே இருந்தது. நல்ல வாட்ச், பார்த்துத்தான் வாங்கினேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜாய்சன் வீட்டுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கிருபாவின் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாட்சைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளே போய், அதை சார்ஜ் போட்டு, வயரையும் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். “சார், கடைசியா அவளுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களாவது பாத்துச் சொல்லுங்க சார். எங்களுக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது.” பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் தினமும் போன் செய்தார். பதிவில் இதயத் துடிப்புக்கு என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டிலிருந்து அது எப்படிப் போகிறது, எங்கே முடிகிறது என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்குப் பாதையும் நேரமும்தான் வேண்டும். அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன், ஒரே ஒரு வரிக் கட்டளை. ஜாய்சனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொன்னேன். இப்போது அது உண்மையும்கூட.

ஆபேல்தான் உங்களிடம் வந்தவர் என்று தெரியும். என் அறிக்கைகளையும் அச்சடித்த கடல் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். கழித்தல் கணக்கு அவருக்கு வருகிறது என்பது எனக்கே புதுச் செய்தி.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள், மேடம். இங்கே கேட்கப்பட்டதிலேயே கொஞ்சம் உருப்படியான கேள்வி. அந்த வாட்சை ஒரு தேங்காய் மட்டையில் கட்டி, பௌர்ணமியன்று தண்ணீரில் விட்டிருந்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்திருக்குமே சார் என்றீர்கள். மட்டையைக் காற்றும் தள்ளும், மனுஷ உடம்பு தண்ணீருக்குள் ஆழமாக இருப்பதால் காற்று படாது என்று சொல்லலாம். அன்று காற்று அதிகம் இல்லை என்று நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். கிடைத்திருக்கும், மேடம். ஆனால் மட்டையை எறிவது ஆபேலின் வழி. நான் ஏன் மட்டையை எறிய வேண்டும்.

ஆகவே, கேட்டபடி தெளிவாக எழுதுகிறேன். நேரத்தைத் தெரிந்தே தள்ளிப் போட்டேன். கிருபாவைத் தெரிந்தே கடைசியில் இறக்கினேன். மட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். கை தூக்கியதைப் பார்த்தேன். மிதவையை எடுக்கவில்லை. இவை எல்லாம் என் சுயநினைவோடு செய்தவை. அவர்மேல் எனக்கு எந்த வன்மமும் கிடையாது, அந்தக் குழுவிலேயே கொஞ்சம் மதிக்கத் தகுந்தவர் அவர்தான்.

முடிவைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எல்லாப் பாதைகளையும் சேர்த்து மாடலை ஓட்டினேன். பௌர்ணமி நாளில் அந்த முகத்துவாரத்தில் தண்ணீர் நிற்பது இருபத்தொரு நிமிஷம். கிருபாவின் பதிவை எடுத்துவிட்டு மற்றவர்களுடையதை மட்டும் வைத்தும் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் இருபத்தொன்றுதான் வருகிறது. ஆக, முடிவு உறுதியானது. நாற்பத்தைந்து என்று நான் போட்டது வெறும் ஆரம்ப மதிப்பு, ஆரம்ப மதிப்பை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆபேல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக உங்கள் எழுத்தர் சொன்னார். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், மேடம். அவர் சொன்னது இருபது. ஒரு நிமிஷம் தவறு.